இரவல் போய் வந்த வடிகட்டி

எனக்கு யார் பாத்திரம் கழுவினாலும் திருப்தி வராது. வீட்டில் கணவர் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். அவர் முகம் போகிற போக்கைக் கண்டதும் பேசாமல் கீழே வைத்துவிடுவேன். இது பிறவிக் குணம் இல்லை, வேலை கொடுத்த வியாதி. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ரசாயனப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கழுவாத பாத்திரத்தால் பெரிய ஆபத்து கிடையாது, அது அழுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கழுவிவிட்டதாகச் சொல்லப்படுகிற பாத்திரத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

எங்கள் வேலையில் பாதி, வடிகட்டுவது. டீ வடிகட்டுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். டீ தானாக இறங்கிவிடும், இதைப் பம்ப் வைத்து உறிஞ்சி இறக்க வேண்டும். கீழே தடித்த கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் செருகிய ஒரு தண்டு. தண்டின் தலையில், கண்ணாடித் துகள்களை உருக்கி ஒட்ட வைத்துச் செய்த ஒரு வட்டத் தட்டு. தட்டின் மேல் வடிதாளை வைத்து, அதன் மேல் புனலை உட்கார வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கிளிப்பால் கவ்விவிடுவோம். அந்தத் தட்டைப் பார்த்தால் உப்புக் கட்டி மாதிரி கெட்டியாகத் தெரியும். ஆனால் அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வடிதாள் தடுக்காத தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் குடுவைக்கு இறங்கும்.

இதைக் கையாள எனக்குச் சில கறார்கள் உண்டு. பம்பைப் போடும் முன் குடுவையை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது நட்சத்திரம் போல ஒரு கீறல் இருந்தால் அந்தக் குடுவை அன்றோடு சரி, காற்றை உறிஞ்சும்போது அது உள்பக்கமாக வெடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பம்பை அணைக்கும் முன் காற்றை உள்ளே விட வேண்டும். தட்டை நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, காரத்தில் ஊற வைக்கக் கூடாது, காரம் கண்ணாடியையே தின்றுவிடும். வேலை முடிந்த கையோடு கழுவி, பிறகு தலைகீழாக மாட்டி எதிர்த்திசையில் சூடான வடிநீரை, அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை, உறிஞ்ச வேண்டும். வந்த வழியே போகாத அழுக்கு, வராத வழியில் தள்ளினால் போகும்.

கழுவுகிறேன் பேர்வழி என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஊற்றவும் கூடாது. ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த ஒருவர் ப்ளீச்சிங் தண்ணீர் நின்ற தொட்டியிலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டு, ஏதோ வாசனை வருகிறதே என்று குனிந்து பார்த்தார். கண் எரிய, இருமிக்கொண்டே எல்லோரும் படியிறங்கி ஓடினோம். பேக்கரிக்காரர் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மேலே எது நடந்தாலும் ஆச்சரியப்படுவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

முன்பு எங்களிடம் இரண்டு செட் இருந்தது. கண்ணாடியில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று. பிளாஸ்டிக் செட்டின் மேல் யாரோ மார்க்கரில் எழுதிவிட, அதை அழிக்க இன்னொருவர் பஞ்சில் அசிட்டோனைத் தொட்டுத் துடைத்தார். எழுத்து போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கும் பால் மாதிரி வெளுத்து, முடியிழை போல விரிசல் விட்டு, அடுத்த தடவை பம்பைப் போட்டதும் சடசடவென்று உடைந்தது. எதை எதோடு சேர்க்கலாம் என்று பார்க்காமல் சேர்த்தால் இதுதான். சில வடிதாள்கள் அசிட்டோனில் கரைந்து காணாமலே போகும். நைலான் தாளுக்கு அமிலம் ஆகாது. டெஃப்லான் தாள் எதற்கும் அசையாது, ஆனால் தண்ணீரை உள்ளே விடாது, முதலில் ஆல்கஹாலில் நனைத்துச் சமாதானம் செய்ய வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பார்க்கிற பொருத்தத்தைவிட இது கொஞ்சம் கண்டிப்பானது.

ஆக, எங்களிடம் மிஞ்சியது ஒரே ஒரு கண்ணாடி செட். அதைத்தான் என் நங்கை இரவல் கேட்டார்.

நங்கை என்றால் என் அண்ணனின் மனைவி, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். செய்முறைத் தேர்வு நடக்கப் போகிற நேரத்தில் அவர்கள் வடிகட்டி உடைந்துவிட்டது, வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், ஒரு வாரத்துக்குக் கொடுத்தால் போதும் என்றார். கூடத்தை நடத்துகிற பெரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். கொடுக்கும்போது எப்படிக் கழுவ வேண்டும் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வதையே அவருக்கு நான் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நங்கை அந்த விஷயத்தில் தங்கமானவர், யாரையும் இடையில் மறித்துப் பேச மாட்டார்.

செட் திரும்பி வருவதற்கு முதல்நாள் ஒரு அம்மா தண்ணீரோடு வந்தார். பொள்ளாச்சிக்குத் தெற்கே தோட்டம். தென்னையில் வெள்ளை ஈ வந்து காய்ப்பு குறைந்துபோன பிறகு, தேங்காய் நார்த்தூளைக் கழுவிக் காயவைத்து, செங்கல் மாதிரி கட்டிகளாக அழுத்தி விற்கிற சின்ன யூனிட் ஒன்றைத் தோட்டத்திலேயே போட்டிருந்தார். அழுத்துகிற மெசின் அவருடைய ஒரே பெரிய சொத்து. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலருக்கு அங்கேதான் வேலை. நார்த்தூளில் இயற்கையாகவே உப்பு உண்டு. மண் தரைத் தொட்டியில் கழுவும்போது அது தண்ணீரோடு இறங்கும், தண்ணீரும் டீ நிறத்தில் இருக்கும். அந்தத் தண்ணீர் தன் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி சண்டைக்கு வந்திருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பரிசோதனைக் கூடம் சொல்லட்டும் என்று முடித்திருக்கிறார்கள்.

"அவிங்க கெணத்துல என்ர தொட்டி உப்பு இருக்குதுன்னு உங்க பேப்பர் சொல்லிச்சுன்னா, அன்னைக்கே மூடிப்போடறேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிப்போட்டு வந்திருக்கறேனுங்க" என்றார். பெருமையாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

நாங்கள் முன்பே கொடுத்தனுப்பிய பாட்டில்கள் இரண்டுதான். ஒன்றில் பங்காளியின் கிணற்றுத் தண்ணீரும், இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்கத் தள்ளி இருக்கிற வேறொரு கிணற்றின் தண்ணீரும் இருந்தன. பெரியவர்கள் முன்னிலையில் பிடித்து, மூடியில் அரக்கு வைத்திருந்தார்கள். தன் கழுவு தொட்டித் தண்ணீரை அவர் ஒரு சில்வர் தூக்குப் போசியில் கொண்டு வந்திருந்தார். யாரும் கேட்காமலே கொண்டு வந்தது. என் தண்ணியையும் பாருங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை என்றார். போசியில் தண்ணீர் கொண்டு வந்தால் வாங்கக் கூடாது என்பது என் கறார்களில் ஒன்று. ஆனால் பஸ் மாறி வந்தும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டு வந்திருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

மறுநாளிலிருந்து எனக்கு லீவு, கோபியில் கணவர் வழிக் கல்யாணம். என் எதிர்மேசைக்காரரிடம் வேலையை ஒப்படைத்தேன். அவரை நான் தராசுக்காரர் என்பேன். எடை போடுகிற வேலை அவருடையது. உக்கடத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவற மாட்டார், தராசின் முன்னால் மூச்சுக்கூட அளந்துதான் விடுவார். வடிகட்டி வந்த உடனே இந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வேலை இதுதான். தண்ணீரை வடிகட்டி, வடிந்ததை அளந்து எடுத்து, எடை தெரிந்த பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வற்ற விட வேண்டும். பிறகு ஓவனில் நல்ல சூட்டில் காயவைத்து, ஆற வைத்து, மறுபடி எடை போட வேண்டும். கூடிய எடைதான் தண்ணீரில் கரைந்திருந்தது. அதைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் விற்க வருகிற பையன்கூட அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவான்.

திங்கட்கிழமை கல்யாண வீட்டு லட்டோடு வேலைக்குத் திரும்பினேன். தராசுக்காரர் முகம் சரியில்லை. பங்காளியின் கிணற்றுத் தண்ணீரை இரண்டு கிண்ணத்தில் எடுத்தேன், இரண்டும் ஒத்துவரவில்லை, இரண்டுமே அதிகம், தள்ளி இருக்கிற கிணறு அவ்வளவு இல்லை என்றார். எடை நிலையாக நிற்கிறதா என்று பார்க்கக் கிண்ணங்களை மறுபடி ஓவனில் வைத்திருந்தார். அப்படியானால் அந்த அம்மா தோற்றார். யூனிட்டுக்குப் பக்கத்துக் கிணற்றில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு என்றால் வேறு என்ன அர்த்தம்?

பிறகு அவர் பேச்சோடு பேச்சாக, கீழே பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு இப்போதே சர்க்கரையைக் கருக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது, இரண்டு நாளாக நம் அறை வரைக்கும் அந்த வாசனைதான் என்றார். எனக்கும் அடித்தது. பாகு வைத்துத் தீய விட்டவர்களுக்குத் தெரியும், முதலில் இனிப்பாக வந்து கடைசியில் தொண்டையைக் கரகரக்க வைக்கும். ஆனால் எங்கள் பேக்கரி வாசனை சன்னல் வழியாக வரும். இது ஓவன் பக்கமிருந்து வந்தது.

ஓவனைத் திறந்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது. பங்காளி கிணற்றின் முதல் கிண்ணத்தில் பழுப்பாக, வார்னிஷ் பூசியது போல ஒன்று பளபளத்தது. உப்பு காய்ந்தால் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும், இப்படி மினுங்காது. நார்த்தூள் தண்ணீரின் நிறம்தானே பழுப்பு, அதுதான் படிந்திருக்கிறது என்று தராசுக்காரர் நினைத்திருக்கிறார். நினைக்கத்தான் தோன்றும், குற்றம் சொல்ல முடியாது. நான் பாட்டில்களில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து மின்கடத்தும் மீட்டரில் வைத்தேன். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், அதிக உப்பு என்றால் அதிகமாக ஓடும். இரண்டு கிணற்றுக்கும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டியது. கிண்ணத்தில் எடை இருக்கிறது, தண்ணீரில் அந்த அளவுக்கு உப்பு இல்லை. அப்படியானால் கிண்ணத்தில் இருப்பது மின்சாரம் கடத்தாத வேறு ஏதோ ஒன்று.

வடிகட்டியைக் கழுவியது யார் என்று கேட்டேன்.

"உங்க நங்கை நல்லாக் கழுவித்தானுங்க குடுத்து உட்டிருந்தாங்க. சக்கரையைக் கொட்டிப்போட்டு நானும் மேலால ரெண்டு தடவை அலசினேனுங்க."

"என்ன சக்கரைங்க?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏனுங்க, இரவல் வாங்கின பாத்திரத்தை வெறும் பாத்திரமாவா திருப்பிக் குடுப்பாங்க?"

எங்கள் பக்கத்தில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். குழம்பு வந்த கிண்ணத்தில் கொஞ்சம் அரிசியாவது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். வெறுமனே அனுப்பினால் மனஸ்தாபம் என்று அர்த்தம். நங்கை வடிகட்டியை நான் சொன்னபடியே கழுவியிருக்கிறார், எதிர்த்திசையில் சுடுதண்ணீர்கூட உறிஞ்சியிருக்கிறார். கழுவிய ஈரம் தட்டின் துளைகளில் காயும் முன்பே புனலுக்குள் ஒரு கை சர்க்கரையைப் போட்டு, வாயைக் கட்டி, அண்ணன் காரில் ஏற்றிவிட்டார். மழை பெய்த இரவு முழுவதும் அது காரின் பின்பக்கத்தில் கிடந்திருக்கிறது. சர்க்கரை கசிந்து பாகாகித் தட்டுக்குள் இறங்கிவிட்டது. தராசுக்காரர் மேலே கிடந்ததைக் கொட்டினார். வீணாக்க மனமில்லாமல் மொட்டைமாடியில் எறும்புக்குப் போட்டாராம். கத்தோலிக்கர் வீட்டிலும் இதே வழக்கம்தான், அதனால் அவருக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. காலையில் சூரியன் உதித்ததுங்க என்று யாராவது வந்து சொல்வார்களா?

துளைக்குள் ஒட்டியிருந்த பாகு, முதலில் வடிகட்டிய தண்ணீரோடு போயிருக்கிறது. முதல் பாட்டில், பங்காளியின் கிணறு. அடுத்தடுத்து வந்தவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. வெறும் வடிநீரை முதலில் ஓட்டி, வடிகட்டி சுத்தமா என்று பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். அன்றைக்கு அவசரத்தில் அதைக் கடைசியில் ஓட்டியிருக்கிறார். கடைசியில் வடிகட்டி சுத்தம்தான். மாதிரிகளே அதைக் கழுவி முடித்துவிட்டன.

சரி, அறிக்கை வெளியே போகவில்லையே, தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டபோது தராசுக்காரர் தரையைப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா போன் செய்திருக்கிறார். இவருக்குப் பொய் சொல்ல வராது, யாரையும் காத்திருக்க வைக்கவும் வராது. முதல் கிணறு கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியுதுங்க என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். தன்மையாகச் சொன்னால் எண் குறைந்துவிடுமா? எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த லட்டு டப்பாவை மேசை மேல் வைத்த வேகத்துக்கு மூடி கழன்று ஓடியது.

நான் அந்த அம்மாவை அழைத்தேன். பின்னால் ஏதோ இரும்புச் சத்தம் கேட்டது. அவர் சொன்ன வார்த்தைப்படியே தொட்டியை வற்றவிட்டு, வேலைக்கு வந்த பெண்களை நிறுத்திவிட்டு, மெசினை விலை பேசிவிட்டார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவர் வியாழக்கிழமை லாரியோடு வருகிறார். "உங்க பேப்பர் கைக்கு வந்துட்டா, நான் சொன்ன சொல்லை மீறலைன்னு காட்டிப்போட்டு ஏத்தி உட்டுரலாமுங்க" என்றார்.

அந்த எண்ணை நம்ப வேண்டாம், எங்கள் பக்கம் தப்பு நடந்திருக்கிறது, மறுபடி பார்க்கிறோம் என்றேன். அப்படியென்றால் குறையுமா என்று கேட்டார். மீட்டர் காட்டுவது ஒரு குறிப்புதான், எடை போடாத வரைக்கும் குறையலாம், குறையாமலும் போகலாம் என்பதுதான் உண்மை. இனிமேல் போனில் எதுவும் சொல்ல மாட்டேன், வியாழக்கிழமை காலை நேரில் வாருங்கள் என்றேன். வாரேனுங்க என்றார்.

அடுத்து நங்கையை அழைத்தேன். அதை அழைத்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. ஆய்வகப் பாத்திரத்தில் சாப்பிடுகிற பொருளைப் போடலாமா, அதில் நேற்று என்ன ஊற்றியிருந்தோம் என்று தெரியுமா, யாராவது எடுத்து வாயில் போட்டிருந்தால் யார் பதில் சொல்வது, நீங்களெல்லாம் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் வழக்கம் போல மறிக்காமல் கேட்டார். கடைசியில், "தண்ணியில கரையற பொருளுதானுங்களே அம்மணி, ஒரு அலசுல போயிருமுன்னு நெனச்சேன். உங்களுக்கு எப்படி நான் வெறும் பாத்திரத்தைக் குடுத்து உடறது?" என்றார். அந்தக் கேள்வி என் கோபத்தை இன்னும் கிளப்பியது. அவர் முந்தின வாரம் எனக்கு ஒப்புட்டு, அதாவது போளி, வைத்துக் கொடுத்தனுப்பிய டப்பா என் வீட்டில் இருந்தது. அன்று மாலை அதைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, ஒன்றுமே போடாமல், இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அண்ணனிடம் நீட்டினேன். அண்ணன் ஆட்டிப் பார்த்துவிட்டு, வெறும் டப்பாவைக் கொண்டுபோய் நான் அடி வாங்கவா என்று அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வடிகட்டியை நானே கழுவினேன். தட்டைத் தலைகீழாக மாட்டி, சூடான வடிநீரை உறிஞ்சி, பிறகு நேராக மாட்டி உறிஞ்சி, மறுபடி திருப்பி, அலுக்கும் வரைக்கும் செய்தேன். சர்க்கரைக்கு ஆசிட்டும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். சுடுதண்ணீரும் பொறுமையும் போதும், இரண்டாவதுதான் என்னிடம் தட்டுப்பாடு. பிறகு வெறும் வடிநீரை ஓட்டி, கிண்ணத்தில் வற்ற வைத்து, ஒரு ராத்திரி காத்திருந்தோம். மறுநாள் தராசுக்காரர் எடை போட்டார். கிண்ணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாசனையும் இல்லை.

இப்போது பங்காளியின் பாட்டில். அதில் மிச்சம் கொஞ்சம்தான். இரண்டு கிண்ணத்துக்குச் சரியாக வரும், ஒரு கிண்ணத்தைக் கைதவறவிட்டால் இன்னொன்றுக்கு வழி கிடையாது. மறுபடி தண்ணீர் எடுக்க அந்த அம்மா பங்காளியின் கிணற்று மேட்டில் போய் நிற்க வேண்டும். முதல் எண் ஊருக்கே தெரிந்த பிறகு பங்காளி விடுவாரா? குடுவையை விளக்குக்கு நேராகத் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று வழக்கத்துக்கு அதிகமாகவே பார்த்தேன். கண்ணாடியை மாட்டினேன். தாளை வைத்து, நனைத்து, புனலைக் கவ்வி, பம்பைப் போட்டேன். தண்ணீர் இறங்குகிற வரைக்கும் தராசுக்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. செபம் சொல்கிறார் என்று தெரிந்தது, வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

வற்றுகிற தண்ணீரை அவசரப்படுத்த முடியாது. சூட்டைக் கூட்டினால் தெறிக்கும், தெறித்தால் எடை போச்சு. ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சூட்டோடு தராசில் வைக்க முடியாது. ஆற வேண்டும், அதுவும் ஈரக் காற்று படாமல் மூடிய பெட்டிக்குள் ஆற வேண்டும். எடை போட்டு, மறுபடி காயவைத்து, மறுபடி ஆற வைத்து, மறுபடி எடை. புதன்கிழமை சாயங்காலம் எண்கள் நிலைத்து நின்றன. இரண்டு கிண்ணமும் ஒத்துவந்தன. பங்காளியின் கிணறும் தள்ளி இருக்கிற கிணறும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அப்படித்தான், கொஞ்சம் கடினமான தண்ணீர். கிண்ணத்தில் வெள்ளையாக மெல்லிசாக உப்பு பூத்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவே இல்லை.

தொட்டித் தண்ணீரையும் திரும்பப் பார்த்தோம். அது உப்புதான், நன்றாகவே உப்பு. இன்னும் கிணற்றுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தொட்டிக்குச் சிமென்ட் தரை பூசாமல் வைத்திருந்தால் ஒருநாள் சேரும். அதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். லாரி வந்து நிற்கிறது, மெசினின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், பேப்பரை வாங்கிக்கொண்டு போனால் ஏற்றிவிடலாம் என்றார். அறிக்கை உள்ளே கூடத்துப் பெரியவரின் கையெழுத்துக்குப் போயிருந்தது. கையெழுத்தாகாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று நானே எல்லோருக்கும் சட்டம் போட்டிருந்தேன். அவர் செருப்பு விடும் இடத்தில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சும்மா நிற்க முடியாமல், அவருடைய போசியையாவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன்.

போசியை நான்தான் கழுவி வைத்திருந்தேன். முகம் தெரிகிற மாதிரி மின்னியது. கதவு வரைக்கும் கொண்டு வந்தவள், அங்கேயே நின்றேன். கை அதற்கு மேல் நீளவில்லை. வெறும் போசியை எப்படி இவர் கையில் கொடுப்பது? வாசல் அறையில் டீக்குச் சர்க்கரை வைக்கிற டப்பா இருக்கும். அதிலிருந்த அத்தனையையும் ஒரு புது வடிதாளில் கொட்டி, பொட்டலமாக மடித்து, போசிக்குள் வைத்து மூடினேன். மூன்று நாளைக்கு முன்னால்தான் இதே காரியத்துக்காக ஒரு மனுஷியைப் போனில் கிழித்தேன் என்பது அப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

அவர் போசியை வாங்கினார். கனத்தைக் கை கண்டுகொண்டது. மூடியைத் திறந்து, பொட்டலத்தின் ஒரு மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல சேதிங்களா அம்மணி?"

தலையாட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அவர் போனை எடுத்தார். "லாரியைத் திருப்பி அனுப்பிப்போடுங்க. போல்ட்டை முடுக்குங்க. ஆமா, எல்லாத்தையும். நாளைக்குப் பொம்பளைகளை வரச் சொல்லுங்க" என்றார். பேசி முடித்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, போசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார். பேப்பரை வாங்கவே இல்லை. கையெழுத்தான அறிக்கையோடு நான் பின்னாலேயே ஓடி, பேக்கரி வாசலில்தான் அவரைப் பிடித்தேன். தொட்டிக்குத் தரை பூச வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் இந்தப் பேப்பர் வேறு மாதிரி சொல்லும் என்று அங்கே நின்றே சொன்னேன். பூசிப்போடறேனுங்க என்றார்.

சாயங்காலம் யாருக்கும் டீக்குச் சர்க்கரை இல்லை. தராசுக்காரர் காலி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கசப்பு டீயைக் குடித்தார். நான் அண்ணனுக்குப் போன் செய்து, நங்கை வீட்டு டப்பா எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது, போகிற வழியில் வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்றேன். வெறும் டப்பாவா என்று கேட்டார். இல்லை என்றேன்.